நாளுக்கு மூன்று பூஜ்ஜியம்

மே 13, செவ்வாய்

காலையில் நானூறு மீன் வடை, மத்தியானம் இருநூறு. எலும்போடு அரைத்த மீன் விழுதைத் தட்டி எண்ணெயில் போட்டு எடுப்பதற்கு முப்பத்தோரு வருடமாக ஒரே சட்டி முன்னால் நிற்கிறேன். எண்ணெய் மட்டும் மாறுகிறது. மீனின் எலும்பைப் பொடியாக்குவது என் வேலை. என் வீட்டுக்காரர் எலும்பைப் பொடியாக்கியது வேறு யாரோ. அவனுக்கு என்னைவிடக் கைத்திறமை அதிகம்.

வீட்டுக்கு வந்தால் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியிலிருந்து கனமான உறை. "காலஞ்சென்ற உத்சுமி தொகுஜி அவர்களின் குடும்பத்தாருக்கு." குடும்பத்தார் என்றால் ஹிசனோ என்கிற நான் ஒருத்திதான். பன்மையில் கூப்பிட்டதற்கு நன்றி.

நான் பதினைந்து வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதத்தை மூன்று முறை படித்தேன். எலும்பு மஜ்ஜையில் வருகிற அந்தப் புற்றுநோய்க்கு, மயலோமாவுக்கு, புது மருந்தைச் சோதித்த ஆராய்ச்சியில் அவர் "முன்மாதிரியான பங்கேற்பாளர்" என்று எழுதியிருந்தது. அந்த ஆராய்ச்சி அடுத்த கட்டத்துக்குப் போகிறதாம். பாக்கி காகிதங்களுக்காக நர்ஸ் அகாசே நேரில் வருவாளாம்.

பூஜை மாடத்தில் இருக்கும் அவர் படத்துக்கு முன்னால் நின்று உரக்கப் படித்துக் காட்டினேன். "கேட்டுச்சா? நீங்க முன்மாதிரியாம்." போன நவம்பரில் செத்துப் போனதைத் தவிர வேறு எந்தக் குறையும் அவர்மேல் யாரும் சொல்லவில்லை.

மே 14, புதன்

தரையைத் துடைத்தேன். வருகிறவள் நர்ஸ் என்பதால் இரண்டு முறை.

மே 20, செவ்வாய்

அகாசே வந்தாள். ஊசி போடுகிற நர்ஸ் இல்லை, காகிதம் சேர்க்கிற நர்ஸ். இரண்டு மணி நேரம் ரயிலில் வந்து, மாடத்தின் முன் மண்டியிட்டு, ஊதுவத்தி ஏற்றி, படத்தைப் பார்த்து நிஜமாகவே அழுதாள். அவள் முடிக்கும்வரை டீயை ஆற விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டில் அழுவதற்கு இப்போது வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

பிறகு பையைத் திறந்து ஆறு பச்சைப் புத்தகங்களை எடுத்து வைத்தாள். போன வருடம் மே மாதக் கடைசியிலிருந்து நவம்பர் ஐந்து வரை, நூற்று அறுபத்து மூன்று நாள். ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டம்: வலி, கை மரத்துப்போதல், கால் மரத்துப்போதல். ஒன்றுமில்லை என்றால் பூஜ்ஜியம், தாங்க முடியாது என்றால் பத்து. முதல் சில பக்கம் தவிர எல்லாம் என் கையெழுத்து. எல்லாம் பூஜ்ஜியம்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே எழுதிக் குடுத்ததில்லம்மா," என்றாள்.

இருக்காதா பின்னே.

இரண்டு காகிதம். ஒன்று, ஆஸ்பத்திரியில் மிச்சமிருக்கும் அவருடைய ரத்தத்தையும் மஜ்ஜையையும் வைத்துக்கொள்ள அனுமதி. மைனஸ் எண்பது டிகிரியில் பத்திரமாக இருக்கிறதாம். நோய் பிடித்த அணுக்களில் கொஞ்சத்தைக் கரைத்தெடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்க்கிறார்களாம். "இன்னும் உயிரோட இருக்கும்மா," என்றாள், நல்ல செய்தி சொல்வது போல. ஆள் போயாச்சு. ஆளைத் தின்றதற்கு மட்டும் சூடான பெட்டி, நேரத்துக்குச் சாப்பாடு.

இரண்டாவது, கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம். "மேற்கண்டவை அனைத்தும் உண்மை" என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துக்குப் பதிலாக எழுதியவரின் பெயர் முத்திரை வேண்டும்.

டீ குடிக்கும்போது அவளாகவே சொன்னாள்: "ஆய்வுக்கூடத்துல ஒருத்தர் ரெண்டு வருஷமா ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிப் பாக்குறார்மா. நரம்பு கெட்டா ரத்தத்துல கசியுற பொருள் ஒண்ணு இருக்கு. மருந்து நரம்பைத் தொடுதான்னு முன்னாடியே கண்டுபிடிச்சிடலாம்னு நெனச்சார். உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல அது எக்கச்சக்கம். ஆனா புத்தகத்துல ஒரு மரமரப்புகூட இல்லையே? அப்போ பரிசோதனைதான் தப்புன்னு முடிவாயிடுச்சு. ஜூலையோட நிறுத்தறாங்க. பாவம், மனுஷன் உடைஞ்சு போயிட்டார்."

டீக்கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

"முத்திரை இங்க இல்லியே. நாத்தனார் வீட்டுல இருக்கு," என்றேன். அது அவள் முழங்காலிலிருந்து மூன்று சாண் தள்ளி இழுப்பறையில் இருந்தது.

மே 21, புதன்

ரத்தம் உண்மையைச் சொல்லியிருக்கிறது. காகிதம் பொய் சொல்லியிருக்கிறது. அவ்வளவு படித்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து யோசித்துக் காகிதத்தை நம்பியிருக்கிறார்கள்.

எப்படி ஆரம்பித்தது என்று எனக்காவது எழுதி வைக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை டாக்டர் கிஷிகாமி, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். இவர் முதுகை நிமிர்த்தி, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்," என்பார். வழியில் கண்டவர் கேட்டாலும் அதுதான், வரி ஆபீசில் கேட்டாலும் அதுதான். டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவார். மருத்துவம் முடிந்தது.

ஜூன் பத்தாம் தேதி வாக்கில் கால் விரல் மரத்தது. புத்தகத்தை எடுத்து, "கால் எத்தனை போடட்டும்?" என்றேன்.

"பூஜ்ஜியம்."

"இப்பதானே மரத்துப்போச்சுன்னு சொன்னீங்க?"

"உன்கிட்ட சொன்னேன். டாக்டர்கிட்டயா சொன்னேன்? அவ்வளவு பெரிய மனுஷன் தூக்கம் இல்லாம பாடுபட்டு மருந்து குடுக்கறார். அவர் மூஞ்சிக்கு நேரா 'கால் குத்துது'ன்னு எழுதி நீட்டுவியா? மரியாதை கெட்டவளே."

அது வெளியே சொல்லும் காரணம். இன்னொன்றைக் குளிக்கும்போது, முதுகு தேய்த்துவிடும்போது, சுவரைப் பார்த்துச் சொன்னார். "அஞ்சு போட்டா மருந்தைக் குறைப்பாங்க. ஏழு போட்டா ஆராய்ச்சியை விட்டே அனுப்பிடுவாங்க. எனக்கு வேற மருந்து மிச்சம் இல்ல, ஏய்."

முதல் இரண்டு வாரம் அவரேதான் எழுதினார். பிறகு பேனா பிடிக்க வரவில்லை என்று என்னிடம் கொடுத்தார். பேனா பிடிக்க முடியாதவர் சொல்ல, நான் எழுதினேன்: கை மரத்துப்போதல், பூஜ்ஜியம். புத்தகத்தின் நடுவில் கையெழுத்து மாறியிருக்கிறது. ஒருத்தருக்கும் ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. என் எழுத்து அவரதைவிட அழகு, அதனால் இருக்கும்.

நான் படித்தது கொஞ்சம். ஆனால் பூஜ்ஜியம் நன்றாகப் போடுவேன்.

ஜூன் 1, ஞாயிறு

நாத்தனார் தொமியே வந்தாள். எழுபத்து நான்கு வயது. கையில் புதுச் சட்டம், கண்ணாடி போட்டது. ஆஸ்பத்திரிக் கடிதத்தை என்னிடம் வாங்கி அதில் வைத்தாள்.

"என் தம்பி வாயைத் தொறந்து ஒரு தடவை 'வலிக்குது'ன்னு சொன்னதுண்டா? படிச்சவங்களே எழுத்துல குடுத்துட்டாங்க பாரு. எங்க அப்பாவும் இப்படித்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டே போனார்."

"ஆமா அண்ணி. அந்தப் பல்லும் கட்டின பல்லு."

"உனக்கு எல்லாம் கேலி."

மாடத்துக்கு மேலே மாட்டச் சொன்னாள். ஆணி அடித்தது நான்.

ஜூன் 12, வியாழன்

மழை. கூட்டமில்லை. முடிவெட்டும் கடை இவாகி வந்தான். துறைமுகத்துத் தெருவில் அவன் அப்பா காலத்துக் கடை. என் வீட்டுக்காரருக்கு இருபது வருடம் முடி வெட்டியவன். ஐந்து வடை கேட்டான், வாங்கிக்கொண்டான், போகாமல் நின்றான்.

"அக்கா. எனக்கும் அதேதான்."

"எது?"

"உங்க வீட்டுக்காரருக்கு வந்தது."

ஐம்பத்திரண்டு வயது. முதுகு வலி என்று போனவனை அங்கே இங்கே அனுப்பி, கடைசியில் கிஷிகாமியிடம் அனுப்பியிருக்கிறார்கள். பழைய மருந்து ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் புது மருந்து ஆராய்ச்சியின் அடுத்த கட்டமும் தொடங்குகிறது. எது என்று அவனே முடிவு செய்ய வேண்டுமாம். அச்சடித்த விளக்கத் தாள் ஒன்றைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தான்.

"இதுல பாருங்க. கை கால் மரத்துப்போறது குறைவுன்னு போட்டிருக்கு. பழைய மருந்துலதான் ஜாஸ்தியாம். எனக்கு வேற எதுவும் பெருசில்லக்கா. வாந்தி எடுத்துக்கறேன், முடி கொட்டினா என் கடையிலயே மழிச்சுக்கறேன். கை மட்டும் வேணும். கை மரத்தா கத்தியை எவன் கழுத்துல வைக்கிறது?" சிரித்தான். "கடைசி ஆறு மாசம் அவர் கடைக்கு வரல. அதான் கேக்கறேன். அவருக்குக் கை நல்லா இருந்துச்சா?"

"உங்க புண்ணியத்துல நல்லா இருந்தார்," என்றேன்.

ஜூன் 13, வெள்ளி

வாய் தானாகச் சொல்லிவிட்டது. யோசிக்கக்கூட இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்கும் மழை. வாசல்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டும்போது முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்குத் தாமதம். முப்பத்தோரு வருடத்தில் இரண்டாவது முறை. முதல் முறை நவம்பர் ஐந்து.

அன்றைக்கு அவர் பின்கட்டிலிருந்து உள்ளே வந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு காலில் இல்லை, வழியிலேயே கழன்று விழுந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை. தெரியவே இல்லை! வெறுங்காலை மண்ணில் வைத்து நடந்து வந்திருக்கிறார், மண் என்று தெரியாமல். வாசல்படியில் காலைத் தூக்கி வைத்தார், கால் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் காற்றில் வைத்தார். விழுந்தார். நோய் ஏற்கெனவே அரித்து வைத்திருந்த முதுகெலும்பு உட்கார்ந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏய். தரை ஈரம்னு சொல்லு." அந்த நேரத்திலும். சொன்னேன். "நான் அப்பதான் துடைச்சேன், ஈரத்துல வழுக்கிட்டார்." எழுதிக்கொண்டார்கள். பதினேழு நாள் படுக்கை, நுரையீரலில் சளி, முடிந்தது. ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார், மருந்துக்குச் சம்பந்தமில்லை. அச்சில் இருக்கிறது.

தரை ஈரமே இல்ல. மூணு நாளா நான் துடைக்கவே இல்ல. அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கடைக்கு ஓடி, எங்க துடைக்கிறது? என்னைச் சுத்தக்காரின்னு எழுதி வெச்சிருக்காங்க, அது ஒண்ணுதான் என் வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச நல்ல பேரு.

ஜூலையிலேயே ஐந்து என்று எழுதியிருந்தால்? மருந்தைக் குறைத்திருப்பார்கள். விழுந்திருக்க மாட்டார். நோய் பெருகியிருக்கும். இல்லை, பெருகியிருக்காது. எனக்கு எப்படித் தெரியும்? மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆகஸ்டில் நோய் பாதிக்கு மேல் குறைந்ததென்று கிஷிகாமி கை குலுக்கினார். இவரும் குலுக்கினார், கை தெரியாத கையால்.

ஜூலை 2, புதன்

அகாசேக்குப் போன் செய்தேன்.

"முத்திரை கெடைச்சுதாம்மா?"

"கெடைச்சுது."

"அப்போ தபால்ல போட்டுடுங்க. நீங்க அலைய வேணாம்."

"அந்த ரத்தப் பரிசோதனைக்காரர் இருக்காரா?"

"இந்த மாசத்தோட மூட்டை கட்றார்மா."

"கட்ட வேணாம்னு சொல்லுங்க."

"ஏம்மா?"

போனை வைத்துவிட்டேன். அறுபத்தாறு வயதில், மணியை அடித்துவிட்டு ஓடுகிற பிள்ளை மாதிரி. திரும்ப அவள் அழைத்தாள். எடுக்கவில்லை. எண்ணெயில் கை வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஜூலை 9, புதன்

விடுப்பு கேட்டதற்கு முதலாளி, "நீங்களா? லீவா? யாரு செத்தா?" என்றார். செத்து எட்டு மாதமாகிறது என்றேன். போயிட்டு வாங்க என்றார்.

இரண்டு டஜன் மீன் வடை கட்டிக்கொண்டேன். பொய் சொன்னேன் என்று சொல்லப் போகிறவள்கூட வெறுங்கையோடு போகக்கூடாது. ரயிலில் மடியில் வைத்திருந்தேன். பெட்டி முழுக்க எண்ணெய் வாசனை.

சின்ன அறை. டாக்டர் கிஷிகாமி, அகாசே, நான். டாக்டர் வடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் எங்களுக்கெல்லாம் ஒரு—" என்று ஆரம்பித்தார். அதை முடிக்க விட்டால் நான் பேச மாட்டேன் என்று தெரியும்.

"டாக்டர், புத்தகம் பொய்."

"எது பொய்?"

"எல்லாப் பூஜ்ஜியமும். ஆரம்பத்துல பத்துப் பதினஞ்சு நாளை விட்டுட்டு. தேதி மட்டும் நிஜம்."

அகாசே பேனாவை எடுத்தாள், வைத்தாள். டாக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழக்கம்.

"நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா?"

"கேட்டீங்க. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே கேட்டீங்க. அவரும் கம்ப்யூட்டருக்குத்தான் பதில் சொன்னார்."

என் வாழ்க்கையில் ஒரு டாக்டரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

"அப்போ விழுந்தது?"

"தரை காஞ்சு கெடந்துது."

டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு தனக்குத்தானே போல, "ஜூலையிலயே பாதியா குறைச்சிருப்பேன்," என்றார். சொன்ன பிறகுதான் எதிரே இருப்பது யார் என்று உறைத்தது. எழுந்து நின்று இடுப்பு வரை குனிந்தார். "மன்னிச்சிடுங்க. அதை உங்க முன்னாடி சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லுங்க டாக்டர். யாராவது ஒருத்தராவது மனசுல இருக்கறதைச் சொல்லட்டும்."

அகாசே யாருக்கோ போன் செய்தாள். ஐந்து நிமிடத்தில் ஆய்வுக்கூடத்து மனிதர் வந்தார். ஒல்லி, நாற்பது இருக்கும். ஆய்வுக்கூடச் செருப்பை மாற்றாமல் மாடி ஏறி ஓடி வந்திருக்கிறார். ஒரு தாளை மேஜையில் விரித்தார். ஏணி மாதிரி ஏறிப் போகும் கோடு. அதில் ஒவ்வொரு புள்ளியும் என் வீட்டுக்காரரின் ஒரு சொட்டு ரத்தம்.

"இங்க, ஆகஸ்ட் இருபது. அந்த வாரத்துல எதாவது நடந்துச்சாம்மா?"

"சோத்துக் குச்சி கையிலேந்து விழுந்துது. ஒரே சாப்பாட்டுல மூணு தடவை. அதுக்கப்புறம் கரண்டி."

"செப்டம்பர் பதினேழு?"

"சட்டைப் பொத்தான். அன்னையிலேந்து நான்தான் போட்டுவிட்டேன்."

அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டார். உடனே வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். என் புருஷன் கை செத்ததில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சந்தோஷம். கோபம் வரவேண்டும் என்று பார்த்தேன். வரவில்லை. அவரை மட்டும்தானே அந்த ரத்தம் நம்பிப் பேசியது.

திரும்பும்போது கிஷிகாமி லிஃப்ட் வரை வந்தார். கதவு மூடும்வரை குனிந்தே இருந்தார். அதற்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், "உங்க புண்ணியத்துல" என்று வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டேன்.

ஜூலை 16, புதன்

திரும்பவும் ஆஸ்பத்திரி. முதலாளி இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

நான் எழுதியதை நான்தான் திருத்த வேண்டுமாம். அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. பொய்மேல் இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் நிஜத்தை எழுதி, இன்றைய தேதி போட்டு, கோட்டின் மேல் முத்திரை குத்த வேண்டும். அடியில் இருக்கும் பூஜ்ஜியம் படிக்கும்படி தெரிய வேண்டும். செய்ததும் தெரியணும், திருத்தினதும் தெரியணும். சாமியாரிடம் போயிருந்தால்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்.

போன வருடத்துக் கடை வேலைமுறை அட்டவணையைக் கொண்டுபோயிருந்தேன். எந்த நாள் எனக்குக் காலை வேலை, எந்த நாள் புயல் என்று கடை மூடினோம், எந்த நாள் காளை ஊர்வலத் திருவிழா என்று பார்த்துப் பார்த்து நினைவுபடுத்தினேன். நாற்பத்தோரு நாளுக்கு எண் நினைவு வந்தது.

"நெனவில்லாததுக்கு எண் போடாதீங்கம்மா," என்றாள் அகாசே. "'பூஜ்ஜியம் இல்லை'ன்னு மட்டும் எழுதுங்க."

"போட மாட்டேன். இருக்கற பொய்யே போதும்."

முத்திரைக்கான மை அட்டை இரண்டு முறை காய்ந்தது. அகாசே பக்கத்திலேயே உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தாள், எழுதவோ சொல்லவோ இல்லை. நவம்பர் நான்காம் தேதியின் கால் கட்டத்தில் ஒன்பது என்று எழுதினேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அன்று காலையில் அவர் பாதத்தில் நகவெட்டி பட்டு ரத்தம் வந்தது, அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை." குத்தினேன். ரத்தத்தையும் மஜ்ஜையையும் வைத்துக்கொள்ளும் காகிதத்திலும் குத்தினேன். வளர்க்கட்டும். தின்றதற்கு வாடகையாக எதையாவது கற்றுக் கொடுக்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

இவாகி கடைக்குப் போனேன். நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர், முகத்தில் நுரையோடு. அவர் காதில் விழுமே என்று நான் கவலைப்படவில்லை.

"அன்னைக்கு நான் சொன்னது பொய், தம்பி. கை நல்லா இல்ல. கடைசியில பொத்தான் போட்டதே நான்தான்."

கத்தியைத் துடைத்து வைத்தான். நுரை முகம் அசையாமல் கண்ணாடி வழியாக எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

"ஏன்கா அப்போ சொல்லல?"

"தெரியல. பழக்கம்."

"அப்போ நான் சேர வேணாம்ங்கறீங்களா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? மருந்து வேலை செஞ்சுது. நோய் பாதிக்கு மேல கொறஞ்சுது. கை கால் போச்சு. ரெண்டும் நெசம். டாக்டர்கிட்ட நான் சொல்லியாச்சு, புதுத் தாள் குடுப்பாங்க. அதைப் படிச்சிட்டு முடிவு பண்ணு. சேர்ந்தா, எண்ணை ஒழுங்கா எழுது."

"அக்கா," என்றான், நான் கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து. "நீங்க பொய் சொல்றதைவிட நெசம் சொல்லும்போதுதான் பயமா இருக்கு."

ஆகஸ்ட் 14, வியாழன்

அவர் போன பிறகு வரும் முதல் ஓபோன். செத்தவர்கள் வீட்டுக்கு வந்து தங்கும் நாட்கள். வெள்ளை விளக்குக் கட்டி, வெள்ளரிக்காயில் கால் குத்திக் குதிரை செய்து வைத்தேன், ஏறி வரட்டும் என்று. காலைக் குத்தும்போது கொஞ்சம் யோசித்தேன்.

தொமியே அண்ணியிடம் இன்றுதான் சொன்னேன். மாடத்து முன்னால், சட்டம் போட்ட கடிதத்துக்குக் கீழே.

"செத்தவனைப் பொய்யனாக்கிட்டியே! இனிமே என்ன முன்மாதிரி?"

"எழுதினது நான் அண்ணி. ஆளுக்குப் பாதி."

"வீட்டு விஷயத்தை ஆஸ்பத்திரியில போய்..." விசிறியால் தரையைத் தட்டினாள். சாப்பிட உட்கார்ந்தாள். நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்றாள்.

"எனக்கும் தெரியும்."

"என்னது?"

"போன செப்டம்பர்ல போன் பண்ணினான். 'அக்கா, என் காலு யாரோ ஒருத்தன் காலு மாதிரி இருக்கு'ன்னான். ஹிசனோகிட்ட சொல்லாத, பயந்துடுவான்னான். நான் சொல்லல. நானும் அந்த அப்பனுக்குப் பொறந்தவதானே."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆக, எனக்குத் தெரியும், அண்ணிக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம், அதைக் கேள்வியாகக் கேட்ட ஒரே ஆளுக்கு, டாக்டருக்கு மட்டும்தான் தெரியவில்லை. குடும்ப ஒற்றுமை என்றால் இதுதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அகாசே போன் செய்தாள். அந்த ஆஸ்பத்திரியில் மருந்தை எடுத்த பதினொரு பேர் வீட்டிலும் விசாரித்திருக்கிறாள். புருஷனை வெளியே அனுப்பிவிட்டு மனைவியிடம். ஏழு வீட்டில் புத்தகத்தில் ஒரு எண், சமையலறையில் ஒரு எண். ஒருத்தி சொன்னாளாம், "அவர் எட்டுன்னார், 'ரெண்டு போடு, எட்டு போட்டா டாக்டர் வருத்தப்படுவார்'ன்னார்" என்று. ஏழு எண்ணும் அந்த ஒல்லி மனிதரின் கோட்டோடு ஒத்துப்போகிறதாம்.

அச்சுக்குப் போக இருந்த கட்டுரையைக் கிஷிகாமி திரும்ப வாங்கிவிட்டார். பரிசோதனை நிற்கவில்லை. இனி எல்லோருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. மருந்தும் குறைந்த அளவில்தான் தொடங்கும். நடைமுறைத் தாளில் புதிதாக ஒரு வரி: "கேள்வி கேட்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்க்கவும், உடனிருப்பவரிடம் தனியாகக் கேட்கவும்." இதற்கு ஒன்பது பேர் கொண்ட குழு இரண்டு முறை கூடியதாம். ஆள் பார்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டமான கண்டுபிடிப்பு என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

"உங்களாலதாம்மா," என்றாள்.

என்னாலதான். முதல் பாதியும்.

அக்டோபர் 3, வெள்ளி

இவாகி சேர்ந்துவிட்டான். அரை அளவு மருந்து. புத்தகத்தைக் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறானாம், மறக்காமல் இருக்க. ஊரே படிக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

நாளை மறுநாள் வருஷ நினைவு, சொந்தங்களுக்கு வசதியாக ஒரு வாரம் முன்தள்ளி ஞாயிற்றுக்கிழமையில். பிரார்த்தனை ஓதத் துறவி வருவார், சொந்தம் வரும். முகத்தை மழித்துக்கொள், பூனை ரோமத்தோடு நிற்காதே என்று அண்ணி போனில் உத்தரவு. சரி, ஊர்ப் பெண்கள் எல்லோரும் விசேஷத்துக்குச் செய்வதுதானே, ஒரு முறை காசு கொடுத்து மழித்துக்கொள்வோம் என்று இவாகி கடைக்குப் போனேன்.

நாற்காலியைச் சாய்த்தான். சூடான துண்டை முகத்தில் போட்டான். ஒரு வருடத்தில் என் முகத்தில் வேறொருவர் கை பட்டது அதுதான். தூங்கிவிடுவேன் போல இருந்தது. கத்தியை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. துண்டை விலக்கிப் பார்த்தால், வலது கை விரல்களைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா, இன்னைக்கு நாலு."

"நாலுன்னா?"

"கத்தி கெடையாது. கத்தரி மட்டும்."

"நாளன்னைக்கு நினைவுநாள் தம்பி. என் மூஞ்சில என்ன இருக்கு, கொஞ்சம் பாத்து மெதுவா—"

சொல்லி முடிப்பதற்குள் என் காதே என்னைக் கேட்டது.

"நாலுன்னா நாலுக்கா," என்றான். கயிற்றில் தொங்கும் புத்தகத்தை இழுத்து, என் கண் முன்னால் எழுதினான். கோணல் மாணலான நாலு. "மூணுக்கு மேல போனா போன் பண்ணச் சொல்லியிருக்காங்க. அந்த நர்ஸ் பொண்ணு திட்டும். இருங்க."

அவன் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது துண்டு ஆறிவிட்டது. மடித்து வைத்துவிட்டு, முகத்தில் இருந்ததெல்லாம் இருக்கிறபடியே வீட்டுக்கு வந்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

துறவி பத்து மணிக்கு வந்தார். தொமியே அண்ணி அதற்கு முன்பே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மழிச்சுக்கலியா?"

"இவாகிக்குக் கை சரியில்ல அண்ணி. மருந்தை ரெண்டு வாரம் நிறுத்தியிருக்காங்க."

"ஓகோ."

எல்லோரும் மாடத்தின் முன் வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்தார்கள். துறவி மணியை எடுத்தார். அண்ணி மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுபத்து நான்கு வருடத்தில் எந்தச் சடங்கிலும் கால் மாற்றிக்கூட உட்காராதவள். துறவி, சொந்தம், எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"ஹிசனோ, முட்டி உயிர் போகுது. மடக்க முடியல. நாற்காலி இருந்தா கொண்டா."

சமையலறைக்குப் போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்தேன், ஒன்று எனக்கு.